மறுபடியும் முதல் தடவை

‘சந்தனக் கிணறு’ முடிந்து எட்டு வருடங்கள் ஆகிவிட்டன. இன்னமும் அதைப் பற்றிப் பேசுவதற்காகவே கூடுகிறவர்கள் திருச்சியில் மூன்று பேர்தான் மிச்சம். கூடும் இடம், பெரிய கடைவீதியில் அன்வர்தீனின் மூக்குக்கண்ணாடிக் கடை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூவரும் சமோசாவும் டீயுமாக உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது சாயங்காலமாகியிருக்கும்.

அது வெள்ளிக்கிழமை தோறும் வந்த பேய்த்தொடர். ஒரு பழைய பங்களா, அதன் பின்புறம் ஒரு கிணறு, எப்போதோ அந்தக் கிணற்றில் தள்ளிக் கொல்லப்பட்ட கோதை. அவள் வருவதற்கு முன்னால் வீடெங்கும் சந்தன வாசனை வரும். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த மரகதத்தின் கண்ணுக்கு மட்டும் அவள் தெரிவாள். பேய் பழிவாங்கப் போகிறது என்று எல்லோரும் காத்திருக்க, பேயும் மருமகளும் உயிர்த்தோழிகளாகிவிட்டார்கள். மூன்று வருடம் ஊரே பார்த்தது. திருச்சியில் ‘கிணத்தடிக் கூட்டம்’ என்று ரசிகர் மன்றம்கூட இருந்தது.

கடைசி வாரம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. கோதைக்கு விடுதலை கிடைக்கிறது. வாசலைத் தாண்டி நடந்து போகிறாள். மரகதம் விளக்கோடு நிற்கிறாள். கோதை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான், முற்றும்.

ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். சேனல் அலுவலக வாசலில் குடம் உடைக்கும் போராட்டம் நடந்தது. முதல் குடத்தை உடைத்தவள் பூரணி. ரயில்வேயில் டி.டி.ஆர். வேலை பார்ப்பவள், குரலும் அதற்கேற்றபடி இருக்கும். அந்த முடிவு சரியா தப்பா என்று சண்டை போட்டே கூட்டம் கலைந்துபோனது. மிஞ்சியவர்கள் பூரணி, அன்வர்தீன், பெண்களுக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தும் ஸ்டெல்லா.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் பூரணி சமோசாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“நான் அதை மறக்கப் போறேன்” என்றாள்.

“எதை?” என்றாள் ஸ்டெல்லா.

“சந்தனக் கிணத்தை. முழுசா. புதுக்கோட்டை ரோட்டுல நினைவு ஆராய்ச்சி மையம்னு ஒண்ணு வந்திருக்குல்ல, அங்க எழுதிக் குடுத்தேன். கூப்பிட்டுட்டாங்க.”

அன்வர்தீன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “டி.டி.ஆரம்மா, என்ன பேச்சு இது? நாம மூணு பேரும் விட்டா அதை ஞாபகம் வெச்சுக்க ஆளே இல்ல.”

“பாய், மறக்கறது மறுபடி பாக்கறதுக்குத்தான். இப்ப எந்த எபிசோடப் போட்டாலும் எனக்கு அந்தக் கடைசி வாரம்தான் ஞாபகம் வருது. கோதை சிரிச்சா, ‘நீ திரும்பிக்கூடப் பாக்காம போகப்போறவதானடீ’ன்னு கோபம் வருது. முதல் வருஷம் எப்படிப் பாத்தோம்! வெள்ளிக்கிழமை ட்யூட்டி போட்டா சண்டை போட்டு மாத்திக்குவேன். அந்த மாதிரி ஒரு தடவை பாக்கணும். என்ன நடக்கும்னு தெரியாம.”

ஸ்டெல்லாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கிணற்றுக் கயிற்றை இழுக்கும் காட்சியில் பூரணி அலறுவதை இன்னொரு தடவை பார்க்கலாமே!

“என் வீட்டுல வெச்சுப் பாக்கலாம்டீ. நீ டிவியப் பாரு. நாங்க ரெண்டு பேரும் உன்னைப் பாக்கறோம்” என்றாள்.

மூவரும் குழந்தைகள் மாதிரி கைதட்டிக்கொண்டார்கள்.

*

மையத்தின் கூடத்தில் நல்ல கூட்டம். ஒரு பெரியவர் பழைய கிரிக்கெட் இறுதி ஆட்டம் ஒன்றை மறக்க வந்திருந்தார். முடிவு தெரியாமல் மறுபடி பார்க்கவேண்டுமாம். வரவேற்பு மேஜையில் ஒரு பெண் தாழ்ந்த குரலில், “மனுஷங்களையும் மறக்க வைப்பீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இல்லைங்க. கதை, சினிமா, இந்த மாதிரி மட்டும்தான்.”

“அதுவும் கதைதாம்மா” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் எழுந்து போனாள். ஸ்டெல்லா அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் இந்துமதிக்கு நாற்பது வயது இருக்கும். மேஜை மேல் எதையும் வைத்துக்கொள்ளாமல் பேசினார்.

“ஒரு விஷயத்த நாம நினைக்கும்போது அந்த ஞாபகம் திறந்துக்குது. நினைச்சு முடிச்சதும் தானா மூடிக்கும். திறந்திருக்கற நேரத்துல, அது மறுபடி மூடாம நாங்க தடுக்கறோம். அவ்வளவுதான். உங்களுக்கு சீரியலோட காட்சிகளப் போட்டுக் காட்டுவோம். நீங்க பாக்கப் பாக்க, கோலத்து மேல தண்ணி ஊத்தின மாதிரி கலைஞ்சு போயிடும்.”

“வலிக்குமா?” என்று கேட்டார் பூரணியின் கணவர் சிகாமணி. மனைவி எது செய்தாலும் சரி என்கிறவர். அன்றைக்கு அவர் முகத்திலும் பயம் தெரிந்தது.

“தொப்பி மாதிரி ஒண்ணு போடுவோம். லேசா சூடா இருக்கும். வலி இல்ல. ஆனா ஒண்ணு சொல்லணும். சீரியலோட ஒட்டிக்கிட்டு இருக்கற சின்னச் சின்ன விஷயமும் கூடப் போகலாம். அப்ப என்ன சாப்பிட்டீங்க, யார்கூடப் பாத்தீங்க, அந்த மாதிரி.”

பூரணி சிரித்தாள். “இவங்க ரெண்டு பேரையும் பாத்துட்டுத்தான் சொல்றீங்களா? பாய்கிட்ட நான் கல்யாணத்துக்கு முன்னாடியே கண்ணாடி வாங்கினவ. இவ சீரியலால வந்தவதான், ஆனா அதையெல்லாம் தாண்டிப் போயாச்சு டாக்டர்.”

டாக்டர் ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஸ்டெல்லாவும் தலையாட்டினாள். தாண்டிப் போனது உண்மைதானே! ஸ்டெல்லாவின் கணவர் விக்டர் திடீரென்று மாரடைப்பில் போனபோது, வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவள் வீட்டிலேயே வந்து கிடந்தவள் பூரணி. வாயில் ஒரு பருக்கை இறங்காமல் இருந்தவளுக்கு ரசம் சாதம் பிசைந்து ஊட்டினாள். ஸ்டெல்லாவின் மகள் கல்யாணத்தில் பந்தியை நின்று பார்த்துக்கொண்டாள். அதெல்லாம் எங்கே போய்விடும்?

சிகிச்சை ஒரு வாரம் நடந்தது. கடைசி நாள் சிகாமணியும் அன்வர்தீனும் ஸ்டெல்லாவும் வெளியே காத்திருந்தார்கள். பூரணி நல்ல தூக்கம் தூங்கி எழுந்தவள் மாதிரி பளிச்சென்று வந்தாள்.

“என்னங்க, பசிக்குது” என்றாள் கணவரிடம். “அட, பாய்! நீங்களும் வந்திருக்கீங்களா?” என்றாள் அன்வர்தீனிடம்.

ஸ்டெல்லா ஃபிளாஸ்கைத் திறந்து காபியை ஊற்றி நீட்டினாள். பூரணி வாங்கிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற அந்த மரியாதைச் சிரிப்பைச் சிரித்தாள்.

“தேங்க்ஸ் மேடம். நீங்க இங்கதான் வேலை பாக்கறீங்களா?”

*

டாக்டரின் அறைக் கதவை ஸ்டெல்லா தட்டவில்லை. நேராகத் திறந்துகொண்டு போனாள்.

“என்னைத் தெரியலைங்கறா டாக்டர். என் பேரு தெரியல. என் வீடு தெரியல. என் வீட்டுக்காரர் செத்தது தெரியல.”

இந்துமதி எழுந்து வந்து அவள் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

“நீங்க ரெண்டு பேரும் சீரியலப் பத்திப் பேசாம பேசினது எப்பவாவது உண்டா?” என்று கேட்டார்.

ஸ்டெல்லா யோசித்தாள். விக்டரின் அடக்கம் முடிந்து வந்த அன்று பூரணி அவள் தலையைத் தடவிக்கொண்டே, ‘உன் வீட்டுக்காரரு கோதை மாதிரி வந்து நின்னா, இஸ்திரிப் பெட்டிய அணைச்சியான்னுதான்டீ கேப்பாரு’ என்றாள். அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டாள் ஸ்டெல்லா. கல்யாணப் பந்தியில் கோதை. ஆஸ்பத்திரியில் கோதை. எந்தப் பேச்சிலும் எங்காவது ஒரு மூலையில் கோதை வந்துவிடுவாள்.

“இல்ல” என்றாள்.

“அதான் காரணம். நூல் முழுக்க ஒரே சாயம் ஏறியிருந்திருக்கு. நாங்க இவ்வளவு எதிர்பாக்கல. தப்பு எங்க மேலதான். இதைத் திருப்பிக் கொண்டு வர முடியாது. அவங்க சீரியலப் பாத்து முடிக்கற வரைக்கும் எதுவும் சொல்லவும் வேணாம். நாம சொல்றதையே சொந்த ஞாபகம்னு நினைச்சுக் குழம்பிடுவாங்க.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “ஒரு வழி இருக்கு. உங்களுக்கு சம்மதம்னா, நீங்களும் மறந்துடலாம். ரெண்டு பேரும் சமமா ஆயிடுவீங்க. வலிக்காது.”

ஜன்னலுக்கு வெளியே பூரணி சிகாமணியிடம் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஸ்டெல்லா அதையே பார்த்தாள்.

“வேணாம் டாக்டர். விக்டர் செத்தப்ப எனக்குச் சோறு ஊட்டினவ அவ. செஞ்சவளுக்கு ஞாபகம் இல்லாட்டிப் போகுது. சாப்பிட்டவளாவது ஞாபகம் வெச்சிருக்கணும்ல?”

*

ஏற்பாடு பேசினபடியே நடந்தது. “நீங்க மறந்த சீரியல இந்த மேடம் வீட்டுல வெச்சுத்தான் பாக்கப்போறீங்க” என்று பூரணியிடம் சொன்னார்கள். டியூட்டி இல்லாத சாயங்காலங்களில் அவள் புத்தூரில் இருந்த ஸ்டெல்லாவின் வீட்டுக்கு வந்தாள். முதல் நாள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, “வரலாமா மேடம்?” என்று கேட்டாள். எட்டு வருடமாக அழைப்புமணியைக்கூடத் தொடாமல் நேரே அடுப்படிக்குள் வந்தவள்.

அன்வர்தீன் எல்லா எபிசோடையும் சேர்த்து வைத்திருந்தார். முதல் எபிசோடை ஒரு பூஜை மாதிரி ஆரம்பித்து வைத்துவிட்டு, டிவியைப் பார்க்காமல் பூரணியின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். கிணற்றிலிருந்து புகை எழும்பியது. கோதை தலைவிரி கோலமாக எழுந்தாள்.

பூரணி வாயிலிருந்த வடையை மென்று முழுங்கினாள். “இந்தம்மா செத்து எத்தனை காலம் ஆச்சுன்னீங்க?”

“நூறு வருஷம் ஆச்சு” என்றார் அன்வர்தீன் பயபக்தியோடு.

“புருவம் திருத்தியிருக்கே?”

அன்வர்தீனுக்கு முகம் சுருங்கிப்போனது.

“அப்புறம், யாரைக் கேட்டு உள்ள வந்துச்சு? இருக்கறவங்க எல்லாம் தூங்கறாங்க, இது பாட்டுக்கு வந்து கட்டில்ல உக்காருது. ரிசர்வேஷன் இருக்கா?”

அன்வர்தீன் எழுந்து அடுப்படியில் இருந்த ஸ்டெல்லாவிடம் வந்தார். “டீச்சர், என்னால தாங்க முடியல. கோதையப் பாத்து ரிசர்வேஷன் கேக்கறாங்க. இதுக்குத்தானா ஒரு நல்ல மூளைய நோண்டினோம்?”

அவர் முகத்தைப் பார்த்ததும் ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மையத்திலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். உள்ளேயிருந்து பூரணி, “மேடம், இன்னும் ரெண்டு வடை இருக்குமா?” என்று குரல் கொடுத்தாள்.

நாலைந்து சாயங்காலங்கள் இப்படித்தான் போயின. பூரணிக்கு சீரியல் பிடிக்கவில்லை என்பது தெளிவாகிவிட்டது. ஆனாலும் வந்தாள். அதுதான் ஸ்டெல்லாவுக்குப் புரியவில்லை.

“பிடிக்கலைன்னா விட்டுடலாமே மேடம்” என்றாள் ஒரு நாள்.

“சீரியல் கிடக்கட்டும். உங்க வீட்டுக்கு வந்தா நல்லா இருக்கு. வண்டிய விட்டு இறங்கினாலும் காது முழுக்க ரயில் சத்தம்தான் இருக்கும். இங்க வந்து உக்காந்தா அது நின்னுடுது.”

புதிதாகப் பழகுகிறவர்களுக்குள் வருகிற கேள்விகள் அவர்களுக்குள்ளும் வந்தன. சொந்த ஊர் எது, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், எப்படி இந்த வேலைக்கு வந்தீர்கள். பேசப் பேச ஸ்டெல்லாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. இதில் பாதிக்கு மேல் அவளுக்கே தெரியாது. எட்டு வருடமாக கோதையைப் பற்றிப் பேசிய பேச்சில், பூரணியைப் பற்றி அவள் கேட்டதே இல்லை.

“நீங்க ஸ்கூட்டர் டீச்சர்னு பாய் சொன்னாரு. எனக்கு டூ வீலர்னா உயிர் போயிடும் மேடம்” என்றாள் பூரணி. “காலேஜ் படிக்கறப்ப என் அண்ணன் பின்னாடி உக்காந்து போனேன். லாரி உரசி விழுந்தோம். அவன் தப்பிச்சுட்டான். ஆனா அதுக்கப்புறம் வண்டி ஓட்டவே இல்ல. ரெண்டு பேருமே. வெளிய சொன்னா சிரிப்பாங்க. ஓடற ரயில்ல நடக்கறவ ஸ்கூட்டருக்குப் பயப்படறாளேன்னு.”

ஸ்டெல்லா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் எத்தனையோ பெண்களை ஸ்கூட்டரில் ஏற்றி விடுகிறவள் அவள். பூரணிக்கு பஸ்தான் பிடிக்கும் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குக் காலைல ஃப்ரீயா?” என்று கேட்டாள்.

மைதானத்தில் ஸ்கூட்டர் பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போனது. பூரணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஓட்டினாள். “கண்ணத் திறங்க மேடம்!” என்று கத்திக்கொண்டே ஸ்டெல்லா கூட ஓடினாள். மூன்றாவது வாரம் பூரணி சத்தமாக டிக்கெட் கேட்பது மாதிரி, “ஓரம் போங்க, ஓரம் போங்க!” என்று ஆளில்லாத மைதானத்தைச் சுற்றி வந்தாள். அவள் இறங்கியபோது முகம் முழுக்க சிரிப்பு. அண்ணனுக்குப் போன் போட்டு, “டேய், நான் ஓட்டிட்டேன்டா” என்று சொன்னாள். ஸ்டெல்லாவுக்கு அன்றைக்கு ஒன்று தோன்றியது: இழந்தது இருக்கட்டும், இந்தக் காலை நேரம் பழைய பூரணியோடு எனக்குக் கிடைத்ததே இல்லையே.

இதற்குள் மறதி ஊரெல்லாம் பரவிவிட்டது. நெடுஞ்சாலையில் பெரிய பெரிய விளம்பரப் பலகைகள் முளைத்தன. சேனல்காரர்கள் பழைய தொடர்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஒரு ஜோடி, சேர்ந்து பார்த்த முதல் படத்தை மறக்கப் போய், நிச்சயம் பண்ணிக்கொண்டதையும் மறந்துவிட்டு வந்ததை அன்வர்தீன் பேப்பரில் படித்துக் காட்டினார்.

“அப்புறம் என்ன ஆச்சாம்?” என்றாள் பூரணி.

“பொண்ணு மறுபடி சரின்னுட்டாளாம். மாப்பிள்ளைதான் யோசிச்சுச் சொல்றேன்னானாம்.”

“யோசிக்கட்டும். இந்தத் தடவையாவது யோசிக்கட்டும்” என்றாள் பூரணி. மூவரும் சிரித்தார்கள். ஸ்டெல்லாதான் முதலில் நிறுத்தினாள்.

*

மழைக்காலம் தொடங்கியபோது பூரணி மாறத் தொடங்கினாள். மரகதத்தை மாமியார் அறையில் போட்டுப் பூட்டுகிற எபிசோட். கோதையால் அந்தக் கதவைத் திறக்க முடியாது; கதவில் மந்திரத் தகடு அடித்திருக்கிறது. கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, பகல் முழுக்க உள்ளே இருப்பவளிடம் பேசிக்கொண்டே இருக்கிறாள். பூரணி எடுத்த வடை கையிலேயே இருந்தது.

“அடுத்தது போடுங்க பாய்.”

“மணி ஏழாச்சு டி.டி.ஆரம்மா. வீட்டுல—”

“போடுங்கன்றேன்ல.”

அன்வர்தீன் ஸ்டெல்லாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அடுத்த வாரம் அந்தக் கயிற்றுக் காட்சி வந்தது. ஸ்டெல்லா திரைச்சீலைகளை இழுத்து விட்டிருந்தாள். மரகதம் குடத்தை இறைக்கிறாள். கயிறு கனக்கிறது. இன்னும் கனக்கிறது. ராட்டினம் கிறீச்சிடுகிறது. மேலே வந்தது குடம் அல்ல, வெளுத்த ஒரு கை.

பூரணி அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஸ்டெல்லாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, “ஏய், லைட்டப் போடுடீ! போடுடீ சீக்கிரம்!” என்று கத்தினாள்.

அன்வர்தீன் ஓடிப்போய் விளக்கைப் போட்டார். பூரணி பிடித்த கையை விட்டாள். “ஸாரி மேடம். பயத்துல வாய்ல வந்துடுச்சு.”

“பரவால்ல. இனிமே அப்படியே கூப்பிடுங்க” என்றாள் ஸ்டெல்லா.

“அப்ப நீங்களும் என்னை அப்படித்தான் கூப்பிடணும்.”

“சரிடீ” என்றாள் ஸ்டெல்லா. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் கொஞ்சம் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, எல்லோருக்கும் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

*

தை பிறந்தபோது ஒரே ஒரு எபிசோட்தான் பாக்கி. அன்வர்தீன் ஸ்டெல்லாவுக்குத் தனியாகப் போன் செய்தார்.

“டீச்சர், போன வாரத்தோட முடிஞ்சுதுன்னு சொல்லிடுவோமா? அவங்க இப்ப எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க. மறுபடி அந்த வேதனை எதுக்கு?”

ஸ்டெல்லாவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. “இல்ல பாய். ஏற்கெனவே ஒரு விஷயத்த மறைச்சுக்கிட்டு இருக்கோம். அது போதும்.”

அன்று பூரணி ஸ்கூட்டரிலேயே வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்து டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வாசல் திறந்தது. கோதை இறங்கி நடந்தாள். மரகதம் விளக்கோடு நின்றாள். கோதை நடந்துகொண்டே இருந்தாள். முற்றும்.

அன்வர்தீன் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். பூரணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“பாய், கடைசி காட்சிய இன்னொரு தடவை போடுங்க.”

போட்டார்.

“நிறுத்துங்க. அங்கதான். மரகதத்தோட மூஞ்சியப் பாருங்க.”

இருவரும் பார்த்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் மரகதத்தின் கண் கலங்கியிருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பல் தெரிய, குழந்தை மாதிரி. இதை எப்படிப் பார்க்காமல் விட்டோம் என்று ஸ்டெல்லாவுக்குத் திகைப்பாக இருந்தது. ஊரே கோதையின் முதுகை மட்டும்தான் பார்த்திருக்கிறது, திரும்புவாளா, திரும்புவாளா என்று.

“திரும்பிப் பாக்காம போயிட்டாளேன்னு கோபம் வரலையா உங்களுக்கு?” என்றார் அன்வர்தீன்.

“எதுக்குக் கோபம்? பிளாட்பாரத்துல நான் தினம் பாக்கறேனே. போக மனசில்லாம போறவங்கதான் திரும்பித் திரும்பிப் பாப்பாங்க. நிம்மதியா போறவங்க நேரா நடந்து போய் ஏறிடுவாங்க. வழியனுப்ப வந்தவங்களுக்கு அது தெரியும். அதான் இவ சிரிக்கறா. இவளுக்கே கோபம் இல்ல, உங்களுக்கு என்ன?” பூரணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நல்லா முடிச்சிருக்கான். ரொம்ப நல்லா முடிச்சிருக்கான்.”

அன்வர்தீன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எட்டு வருடக் கோபம் போனதும் மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. “இதுக்குப் போய் குடத்தை உடைச்சோமே” என்று தனக்குள் முணுமுணுத்தார்.

ஸ்டெல்லா தரையில் பூரணிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை மாதமாக நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று லேசாகியிருந்தது. சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

பூரணியே தொடங்கினாள். “சரி, சீரியல் முடிஞ்சுது. இப்பவாவது சொல்லு. நீ எனக்கு யாரு?”

ஸ்டெல்லா சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

“எத்தனை வருஷமா டிக்கெட் செக் பண்றேன், மறைக்கறவங்க மூஞ்சி தெரியாதா எனக்கு? வந்த ரெண்டாம் வாரமே தெரியும். நான் எதையாவது சொல்ல வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே நீ சிரிச்சிடறே. புதுசா பழகினவ அப்படிச் சிரிக்க மாட்டா. அது ரொம்ப நாள் கூட இருந்தவ சிரிப்பு. வீட்டுல அவரைக் கேட்டேன், சாமி படத்தப் பாத்துக்கிட்டு நின்னாரு. சீரியலோட சேத்து உன்னையும் தொலைச்சிட்டேன், அதானே?”

“தெரிஞ்சும் ஏன்டீ கேக்கல?” என்றாள் ஸ்டெல்லா. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

“கேட்டா, ‘நாம இப்படி இருந்தோம், அப்படி இருந்தோம்’னு சொல்லுவே. நானும் அதுக்காகப் பழகணும். எனக்கு அது வேணாம்னு இருந்துச்சு. நீ எப்படிப்பட்டவன்னு நானா பாக்கணும்னு நினைச்சேன்.” பூரணி அவள் தோளில் லேசாக இடித்தாள். “பாத்துட்டேன். பிடிச்சிருக்கு.”

ஸ்டெல்லா அவளைக் கட்டிக்கொண்டாள். அன்வர்தீன் எழுந்து ஜன்னல் பக்கம் போய், வெளியே என்னவோ முக்கியமாக நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இப்ப சொல்லு” என்றாள் பூரணி, கால்களை வசதியாக நீட்டிக்கொண்டு. “ஆனா எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டிடாத. எப்படி ஆரம்பிச்சுதோ அங்கயிருந்து வா. அடுத்து என்னன்னு தெரியாம கேக்கறது எப்பேர்ப்பட்ட சுகம்னு இந்த ஆறு மாசத்துல தெரிஞ்சுக்கிட்டேன்.”

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நம்ம சீரியல் வர்ற ஒரு வெள்ளிக்கிழமை, பாசஞ்சர் ரயில்ல. நான் விருத்தாசலம் போறேன். நீ கறுப்புக் கோட்டுல வர்றே. என்கிட்ட டிக்கெட் இருக்கு. ஆனா முந்தின நாள் டிக்கெட்.”

“ஐயய்யோ! விட்டேனா?”

“டி.டி.ஆரம்மா விடுவாங்களா? அன்னிக்கு என்ன ஆச்சுன்னா—” என்று ஜன்னல் பக்கத்திலிருந்து அன்வர்தீன் ஆர்வமாக ஆரம்பித்தார்.

“பாய்!” என்று அதட்டினாள் பூரணி. “முடிவச் சொல்லாதீங்க. நான் இப்பத்தான் முதல் தடவையா கேக்கறேன்.”